பி.பி.ஓ.வில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி: ரெக்கார்ட்ஸ் ஆபீசில் திருத்துவது எப்படி?

#1 கயத்தாறு_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பா ராணுவத்தில் சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் பிரிவு), ஹவில்தார், 1992ல் பென்ஷன் வந்தவர். பென்ஷன் ஒழுங்காக வருகிறது. ஸ்பார்ஷில் (ராணுவ பென்ஷன் இணையதளம்) விவரங்களைச் சரிபார்த்தபோது மூன்று குறை தெரிந்தது.

ஒன்று, பெரியம்மா பெயர். லட்சுமி என்பதை பி.பி.ஓ.வில், அதாவது பென்ஷன் உத்தரவில், நடுவில் 'எக்ஸ்' போட்டு வடக்கத்தி பாணியில் எழுதியிருக்கிறது. ஆதாரில் 'கே-எஸ்-எச்', கூடவே பெரியப்பாவின் இனிஷியல். இரண்டு, பெரியம்மாவின் பிறந்த தேதிக் கட்டம் காலி. மூன்று, மகள் பெயர் எதிலுமே இல்லை. அவள் பிறந்தது பெரியப்பா வெளியே வந்த பிறகு.

இங்கே ஒருவர் கெஜட்டில் பெயர் மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் அஃபிடவிட் போதும் என்கிறார். எது சரி? ஆதாரையே மாற்றிவிட்டால் என்ன?

#2 பார்ட்_டூ_கிளார்க்

கெஜட், அஃபிடவிட், ஆதார் மூன்றையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ரெக்கார்ட்ஸில், அதாவது அவர் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில், உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். பி.பி.ஓ.வில் இருப்பதுதான் சர்வீஸ் ரெக்கார்டிலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பலர் வேலையை ஆரம்பிக்கிறார்கள். அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை.

பெயர் நான்கு இடத்தில் உட்கார்ந்திருக்கும். ரெக்கார்ட்ஸ் ஆபீசில் இருக்கும் ஷீட் ரோல் (வீரரின் சர்வீஸ் விவரப் பதிவு), கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., கடைசியாக ஸ்பார்ஷ். கல்யாணம் நடந்தபோது யூனிட் ஒரு பார்ட் டூ ஆர்டர் (கல்யாணம், பிள்ளை பிறப்பு போன்றவற்றைப் பதியும் உத்தரவு) போட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் ஷீட் ரோலில் ஏற்றினார்கள். பென்ஷன் பேப்பர் தயாரித்தபோது ஷீட் ரோலைப் பார்த்து எழுதினார்கள். ஸ்பார்ஷுக்கு மாற்றியபோது பழைய பி.பி.ஓ.வைப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். எந்தக் கை தப்பியது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

ஷீட் ரோலில் சரியாக இருந்து பி.பி.ஓ.வில் மட்டும் தப்பு என்றால் அது வெறும் எழுத்துப்பிழை. புதிதாக பார்ட் டூ ஆர்டர் தேவையில்லை. ரெக்கார்ட்ஸ் நேராகத் திருத்தப் பி.பி.ஓ.வுக்கு, அதாவது காரிஜெண்டம் பி.பி.ஓ.வுக்கு, பிரயாக்ராஜில் உள்ள பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸுக்கு (ராணுவ பென்ஷன் கணக்கு அலுவலகம்) பரிந்துரைக்கும். ஷீட் ரோலிலேயே தப்பு என்றால் முதலில் பார்ட் டூ ஆர்டர், அப்புறம்தான் காரிஜெண்டம்.

டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

#3 கயத்தாறு_தம்பி

டிஸ்சார்ஜ் புக்கிலும் 'எக்ஸ்'தான் சார். பிறந்த தேதி இல்லை, கல்யாணத் தேதி மட்டும் இருக்கிறது.

#4 பார்ட்_டூ_கிளார்க்

அப்படியானால் பெரும்பாலும் ஷீட் ரோலிலும் அதுதான். உறுதியாக வேண்டுமென்றால் பெரியப்பா தன் பெயரில் ஒரு ஆர்.டி.ஐ. மனு போடட்டும். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராக வைக்கலாம். "என் ஷீட் ரோலில் மனைவி, பிள்ளைகள் விவரம் உள்ள பக்கங்களின் நகல்" என்று குறிப்பாகக் கேளுங்கள். "என் முழு சர்வீஸ் ரெக்கார்டு" என்று கேட்டால் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லி ஒரு கடிதம் வந்து, அதிலேயே மாதம் ஓடிவிடும். பதில் தர 30 நாள். ஆதார் நகலும் பி.பி.ஓ. நகலும் இணைக்க வேண்டும். கேட்பவர் அவர்தானா என்று தெரியாமல் நகல் தர மாட்டார்கள். நீங்கள் உங்கள் பெயரில் போட்டால் அடுத்தவர் விவரம் என்று திருப்பிவிடுவார்கள்.

#5 நீலமலை_சுபேதார்

தம்பி, கிளார்க் சாப் சொன்னது சரி. முகவரியை மட்டும் நான் சேர்க்கிறேன். நம்ம ஊர்க்காரர்கள் பாதிப் பேர் எல்லாவற்றையும் வெலிங்டனுக்கு அனுப்புகிறார்கள். அங்கே இருப்பது மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் மட்டும். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு கேம்ப். மெட்ராஸ் சாப்பர்ஸ் பெங்களூரு. இ.எம்.இ.யும் (ராணுவ இயந்திரப் பராமரிப்புப் பிரிவு) ஆர்டினன்ஸும் (தளவாடப் பிரிவு) செகந்திராபாத். மெடிக்கல் கோர் லக்னோ. ஆர்மி முடித்து டி.எஸ்.சி.யில் (ராணுவ நிலையங்களின் காவல் பிரிவு) போனவர்களுக்கு கண்ணூர். டி.எஸ்.சி.யில் இரண்டாவது பென்ஷன் வாங்குபவர்கள் இரண்டு ரெக்கார்ட்ஸிலும் தனித்தனியாகத் திருத்த வேண்டும், ஒன்றில் மாறினால் இன்னொன்றில் தானாக மாறாது.

ஆர்மி நம்பரைக் கடைசி எழுத்தோடு எழுதுங்கள். அந்த எழுத்து அலங்காரத்துக்கு இல்லை, நம்பர் சரியா என்று சோதிக்கும் எழுத்து. விட்டால் கோப்பைத் தேடி எடுப்பதற்கே தாமதம். ஜே.சி.ஓ.வாக (சுபேதார் போன்ற இடைநிலை அதிகாரி) ஓய்வு பெற்றவர்கள் ஜே.சி. நம்பரோடு பழைய சிப்பாய் நம்பரையும் எழுத வேண்டும்.

#6 நோட்டரி_வாசல்

கெஜட்டா, அஃபிடவிட்டா என்ற கேள்விக்கு வருகிறேன். பெரியம்மா பெயர் மாறவில்லை. அவர் பிறந்ததிலிருந்து லட்சுமிதான். ஆங்கிலத்தில் எழுதியவர்தான் மாறினார். பெயர் மாற்றம் செய்தால்தான் கெஜட். பிரேமா என்று பதிவாகி, உண்மையில் பிரேமலதா என்றாலும்கூட முதலில் அஃபிடவிட்டிலேயே முயலலாம். மாரியம்மாள் என்று பதிவாகி ஆதாரில் கவிதா என்று இருந்தால் அஃபிடவிட் நிற்காது, கெஜட் கேட்பார்கள்.

அஃபிடவிட்டில் பலர் "என் மனைவி பெயர் தவறாக உள்ளது, திருத்தவும்" என்று எழுதிவிடுகிறார்கள். அது விண்ணப்பம், உறுதிமொழி இல்லை. பி.பி.ஓ.வில் உள்ள எழுத்து, ஆதாரில் உள்ள எழுத்து இரண்டையும் எழுத்துக்கு எழுத்து, இனிஷியல் உட்பட எழுதி, "இவ்விரு பெயர்களாலும் குறிக்கப்படுபவர் ஒருவரே, அவர் இன்ன தேதியில் நான் மணந்த என் சட்டப்படியான மனைவி" என்று இருக்க வேண்டும். கடைசி வரியில் "இனி எல்லா ஆவணங்களிலும் இந்த எழுத்திலேயே பெயர் வழங்கும்" என்று ஒரே ஒரு எழுத்துமுறையைக் குறிப்பிடுங்கள். இந்த வரி இல்லாததால் எதை ஏற்றுவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவை நிறைய.

இனிஷியலை விரித்தும் எழுதுங்கள். நம் ஊர் இனிஷியல் வடக்கே இருக்கும் கிளார்க்குக்குப் புரியாது. பள்ளிச் சான்றில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்று இருந்தால் அவருக்கு அது இரண்டு பெண்கள். "முன்னெழுத்து மு. என்பது தகப்பனார் பெயர், செ. என்பது கணவர் பெயர்" என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது.

அஃபிடவிட் ஆங்கிலத்தில் இருக்கட்டும். இணைக்கும் தமிழ்ச் சான்றுகளுக்கு நோட்டரி கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஜபல்பூரில் தமிழில் உள்ள ரெக்கார்டு ஷீட்டை (பள்ளிச் சான்று) யார் படிப்பார்கள்?

#7 கயத்தாறு_தம்பி

முத்திரைத்தாள் எவ்வளவுக்கு அண்ணே?

#8 நோட்டரி_வாசல்

தமிழ்நாட்டில் அஃபிடவிட்டுக்கு 20 ரூபாயாக இருந்ததை 2024 மே மாதம் முதல் 200 ஆக்கிவிட்டார்கள். பழைய 20 ரூபாய்த் தாளில் அடித்துத் தரும் கடைகள் இன்னும் உண்டு, ஏமாறாதீர்கள்.

ஒரு வேடிக்கை. 1899 முத்திரைச் சட்டத்தில் அஃபிடவிட் பற்றிய பிரிவிலேயே, ஓய்வூதியம் பெறுவதற்காக மட்டும் கொடுக்கும் உறுதிமொழிக்கு முத்திரைத் தீர்வையிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆனால் வெள்ளைத்தாளில் அனுப்பினால் முத்திரைத்தாளில் வேண்டும் என்று திரும்பும் வாய்ப்பு அதிகம். சட்டம் உங்கள் பக்கம்தான், ஆனால் அந்த வாதத்துக்கு இரண்டு மாதம் செலவாகும். 200 ரூபாயைக் கட்டிவிடுங்கள்.

#9 ஸ்பார்ஷ்_மேசை

ஆதாரை மாற்றலாமா என்று கேட்டீர்கள். பெயரை ஆதாரில் ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. அதை பி.பி.ஓ.வின் 'எக்ஸ்'ஸுக்காகச் செலவு செய்தால் பிறகு வங்கிக் கணக்கு, பான், ரேஷன், பத்திரம் எல்லாம் முரண்படும். பெரியம்மா கையில் இருக்கும் மற்ற ஆவணங்கள் எந்த எழுத்தில் உள்ளனவோ அதை அடிப்படையாக வைத்து, ஒற்றையாக நிற்கும் ராணுவ ரெக்கார்டைத் திருத்துவதுதான் புத்திசாலித்தனம். ஆதார் மட்டும் தனியாக நின்று, பான், பாஸ்போர்ட், ரெக்கார்ட்ஸ் எல்லாம் ஒன்றாக இருந்தால் அப்போது ஆதாரை மாற்றுங்கள்.

ஸ்பார்ஷில் நீங்களே மாற்றக்கூடியது மொபைல், மின்னஞ்சல், முகவரி மாதிரியானவை. பெயர், பிறந்த தேதி, மனைவி விவரம் எல்லாம் ரெக்கார்ட்ஸ் ஒப்புதலுக்குப் போகும். விண்ணப்ப எண் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து உட்கார வேண்டாம், அந்தக் கோரிக்கை ரெக்கார்ட்ஸின் மேசையில் போய்க் காத்திருக்கும். அதனால் ஸ்பார்ஷில் போடுவதும் தபாலில் காகிதம் அனுப்புவதும் இரண்டும் வேண்டும். கடிதத்தில் ஸ்பார்ஷ் விண்ணப்ப எண்ணையும் குறிப்பிடுங்கள்.

பழைய பி.பி.ஓ. தாளில் சரியாக இருந்து ஸ்பார்ஷில் மட்டும் தப்பு என்றால் வழி சுலபம். தாளைத் தெளிவாக ஸ்கேன் செய்து புகாரில் இணைத்தால் போதும். மங்கிய கார்பன் நகலை மொபைலில் சாய்த்துப் படமெடுத்து அனுப்பினால் படிக்க முடியவில்லை என்றுதான் பதில் வரும்.

#10 முத்தாலங்குறிச்சி

நாமினி என்ற இடத்தில் மனைவி பெயரைச் சரியாகப் போட்டுவிட்டால் போதாதா? எதற்கு இவ்வளவு?

#11 ஸ்பார்ஷ்_மேசை

போதாது. இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். ஸ்பார்ஷில் போடும் நாமினி, ஓய்வூதியர் இறக்கும்போது அதுவரை வராமல் நின்ற நிலுவையைப் பெறுவதற்கு. குடும்ப ஓய்வூதியம் நாமினி பார்த்து வருவதில்லை, விதிப்படி தகுதியுள்ளவருக்கு வருகிறது. அந்தத் தகுதிக்கு ஆதாரம் பி.பி.ஓ.வில் உள்ள மனைவி பெயர்.

#12 நீலமலை_சுபேதார்

பெரியம்மாவின் பிறந்த தேதிக் கட்டம் காலி என்றாயே தம்பி, மூன்றில் பண நஷ்டம் வரக்கூடியது அதுதான். குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூடுதல். 85ல் 30, 90ல் 40, 95ல் 50, நூறானால் முழுசாக நூறு. அடிப்படை 12,000 என்று வைத்துக்கொள், 80ல் 2,400 கூடும், அதன்மேல் அகவிலை நிவாரணமும் உண்டு. தேதி இல்லை என்றால் சிஸ்டத்துக்கு அந்த அம்மாவுக்கு வயதே ஆகாது.

#13 கயத்தாறு_தம்பி

ஆதாரில் 01-01-1956 என்று இருக்கிறது சுபேதார் சாப். அதையே கொடுக்கலாமா?

#14 நோட்டரி_வாசல்

ஜனவரி 1 என்பது வயதை மட்டும் சொன்னவர்களுக்கு ஆதாரில் போட்ட தேதி. புதிதாக வரும் ஆதார் கடிதத்திலேயே இது அடையாளச் சான்று, பிறந்த தேதிச் சான்று அல்ல என்று அச்சாகிறது. 2024ல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. ஆதாரை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள்.

பெரியம்மா தொடக்கப்பள்ளி போயிருந்தால் ரெக்கார்டு ஷீட் கேளுங்கள். ஐந்தாவதோடு நின்றிருந்தாலும் சேர்க்கைப் பதிவேட்டில் தேதி இருக்கும். பள்ளியின் பழைய பதிவேட்டிலிருந்து தலைமையாசிரியர் நகல் எழுதித் தருவார். அது இல்லையென்றால் பான், பாஸ்போர்ட், பிறந்த தேதியுள்ள வாக்காளர் அட்டை, இவற்றில் தேதி ஒத்துப்போகும் குறைந்தது இரண்டைச் சேர்த்து அனுப்புங்கள். பள்ளியில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி என்று இருந்தால் முதலில் ஆதாரைப் பள்ளித் தேதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ஒரே வாய்ப்பைச் செலவு செய்ய இதுதான் இடம்.

#15 முத்தாலங்குறிச்சி

அப்படியே ஓய்வூதியர் தன் பிறந்த தேதியையும் மாற்ற முடியுமா? சேரும்போது வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம்.

#16 பார்ட்_டூ_கிளார்க்

இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். ஷீட் ரோலில் 12-06-1950 என்றிருந்து பி.பி.ஓ.வில் 12-08-1950 என்று அடித்திருந்தால் அது எழுத்துப்பிழை, திருத்துவார்கள். சேர்ந்தபோது கொடுத்த தேதியே தப்பு என்று சொல்லி ஓய்வுக்குப் பிறகு பள்ளிச் சான்றோடு வந்தால் ஏற்க மாட்டார்கள். சர்வீஸ் கடைசியில் வந்து பிறந்த தேதி மாற்றம் கேட்பதை உச்ச நீதிமன்றம் 1993ல் ஹர்னாம் சிங் வழக்கில் மறுத்தது, அது சிவில் ஊழியர் வழக்கு, ஆனால் ராணுவ வழக்குகளிலும் அதைத்தான் காட்டுவார்கள். சேர்ந்த தேதியும் ஓய்வும் அந்த வயதை வைத்துத்தான் நடந்தன. அதில் காசைச் செலவழிக்க வேண்டாம். மாறாக, ஆதாரில் உள்ள தேதியை ரெக்கார்ட்ஸ் தேதிக்குப் பொருத்திக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் பிறந்த தேதி இருக்கும்.

#17 கயத்தாறு_தம்பி

மகள் விஷயம்? அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. 1995ல் பிறந்தவள்.

#18 பார்ட்_டூ_கிளார்க்

ஓய்வுக்குப் பிறகு பிறந்த பிள்ளையையும் பதிவு செய்யலாம். யூனிட் இல்லை என்பதால் பார்ட் டூ ஆர்டரை ரெக்கார்ட்ஸே போடும். தேவை: பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் விண்ணப்பம், ஏன் இத்தனை வருடம் தெரிவிக்கவில்லை என்று விளக்கும் அஃபிடவிட். பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் என்ன எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இதுதான் கண்ணி. அதிலும் பி.பி.ஓ.விலும் அம்மா பெயர் வேறாக இருந்தால், மகள் யாருடைய மகள் என்ற கேள்வி வரும். அதனால் மனைவி பெயர்த் திருத்தத்தை முதலில் எழுதி, மகள் சேர்ப்பை அடுத்த பத்தியில் வைத்து, ஒரே கடிதமாக அனுப்புங்கள். பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே பதிவாகாமல் இருப்பதுண்டு. அப்படி இருந்தால் முதலில் பதிவாளரிடம் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

#19 ஈசிஎச்எஸ்_அக்கா

மகளை இப்போதே சேர்த்துவிடுங்கள் தம்பி. கல்யாணம் ஆகாத, வருமானம் இல்லாத மகளுக்கு ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை உண்டு, ஆனால் டிஸ்சார்ஜ் புக்கிலோ பி.பி.ஓ.விலோ பார்ட் டூ ஆர்டரிலோ பெயர் இல்லாமல் விண்ணப்பம் நகராது. மாத வருமான உச்சவரம்பு 9,000 ரூபாயும் அதற்கான அகவிலை நிவாரணமும்.

#20 முத்தாலங்குறிச்சி

இரண்டாம் தாரம் என்றால்?

#21 நோட்டரி_வாசல்

முதல் மனைவி இறந்த பின் என்றால் அவருடைய இறப்புச் சான்றிதழும் இரண்டாவது திருமணச் சான்றும். விவாகரத்து என்றால் நீதிமன்றத் தீர்ப்பு நகல். பஞ்சாயத்தில் எழுதிய விடுதலைப் பத்திரம் செல்லாது. முதல் மனைவி இருக்கும்போதே நடந்த கல்யாணத்தை ரெக்கார்ட்ஸ் பதிவு செய்யாது.

திருமணச் சான்று எல்லாருக்கும் உதவும். தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டத்தின்படி நடக்கும் பதிவுக்குக் கால வரம்பு உண்டு, ஆனால் அந்தக் காலத்துக் கல்யாணங்களை இந்து திருமணச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளரிடம் இப்போதும் பதியலாம். அந்தப் படிவத்தில் மனைவி பெயரைத் தீர்மானித்த ஒரே எழுத்துமுறையில் நிரப்புங்கள். இன்னொரு புது எழுத்தைக் கிளப்பிவிடாதீர்கள்.

#22 கயத்தாறு_தம்பி

அப்படியானால் என்னென்ன அனுப்ப வேண்டும்? ஜபல்பூருக்கு நேரில் போகலாமா?

#23 பார்ட்_டூ_கிளார்க்

நேரில் போக வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். உதவி இயக்குநரின் மேலொப்பம் இருந்தால் ரெக்கார்ட்ஸில் பாதிச் சந்தேகம் அடங்கும். விண்ணப்பம் பெரியப்பா கையெழுத்தில், முதல் வரியிலேயே நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, பழைய பி.பி.ஓ. எண், 12 இலக்க ஸ்பார்ஷ் பி.பி.ஓ. எண். கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ, அதில் மேலொப்பம். அசல் அஃபிடவிட். இருவர் ஆதார், பான். பி.பி.ஓ. நகல், டிஸ்சார்ஜ் புக்கின் குடும்பப் பக்க நகல். பெரியம்மாவின் பிறந்த தேதிச் சான்று, மகளின் பிறப்புச் சான்று. வங்கிப் புத்தக முதல் பக்கம். நகல் ஒவ்வொன்றிலும் நம்பரை எழுதிவிடுங்கள், தனித்தனியாகப் பிரிந்தாலும் யாருடையது என்று தெரியும். இரண்டு செட் எடுத்து ஒன்றை வைத்துக்கொண்டு, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

பார்ட் டூ ஆர்டர் வந்ததும் அதன் எண்ணையும் தேதியையும் குறித்துவையுங்கள். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். காரிஜெண்டம் பி.பி.ஓ. வந்து ஸ்பார்ஷில் பெயர் மாறினால்தான் முடிந்ததாக அர்த்தம். எழுத்து மூலம் மறுத்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போவதென்றால் இறுதி மறுப்பிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம்.

#24 முத்தாலங்குறிச்சி

பென்ஷன் இல்லாமல் ஐந்தாறு வருடத்தில் வெளியே வந்தவர்களுக்கும் இதே வழியா?

#25 பார்ட்_டூ_கிளார்க்

அவர்களுக்குக் காரிஜெண்டம் கிடையாது, பி.பி.ஓ.வே இல்லையே. ரெக்கார்டிலும் டிஸ்சார்ஜ் புக்கிலும் திருத்தம் மட்டும். பென்ஷன் இல்லாதவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 ஆண்டு கழிந்தால் அழித்துவிடுவார்கள், லாங் ரோல் (சுருக்கப் பதிவேடு) மட்டும் மிஞ்சும். அதில் நாலு வரிதான் இருக்கும், குடும்ப விவரம் தேடினால் கிடைக்காது.

#26 நீலமலை_சுபேதார்

கடைசியாக ஒன்று தம்பி. திருத்தத்தை உள்ளே எழுதித் தர ரெக்கார்ட்ஸ் டிஸ்சார்ஜ் புக்கின் அசலைக் கேட்டு எழுதினாலும் எழுதும். அவர்கள் கேட்காமல் அசலை அனுப்பாதே. கேட்டால் அட்டையிலிருந்து அட்டை வரை, வெற்றுப் பக்கமும் விடாமல் நகல் எடுத்து, நல அலுவலகத்தில் அதில் ஒப்பம் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்ட கடிதத்தின் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பு. தபாலில் தொலைந்தால் டூப்ளிகேட் வாங்க போலீஸ் புகாரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

#27 கயத்தாறு_தம்பி

நன்றி சாப், நன்றி சார். ஆர்.டி.ஐ. மனு திங்கட்கிழமை போகிறது. ரெக்கார்டு ஷீட்டுக்குப் பெரியம்மா படித்த பள்ளியில் கேட்டிருக்கிறோம். ஷீட் ரோல் நகல் வந்ததும் அதில் என்ன எழுத்து இருக்கிறது என்று இங்கே போடுகிறேன்.